டிரிம் ஒட்டுமுன்

பழைய ஜன்னலைப் பெயர்த்துவிட்டு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போடுவதைப் பற்றி ஒரு மாலைப்பொழுது முழுக்கப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். லண்டனில் சொந்த வீடு உள்ள ஒரு குடும்பம் வீட்டுக்காக ஒரே மூச்சில் செலவழிக்கும் பெரிய தொகைகளில் இதுவும் ஒன்று. சமையலறையை மாற்றினால் நல்ல வேலையா, மோசமான வேலையா என்று ஒரு வாரப் புழக்கத்தில் தெரிந்துவிடும். பாய்லரை மாற்றினால் முதல் குளிரிலேயே தெரியும். ஜன்னலில் அப்படித் தெரியாது. ஃபிட்டர்கள் காலையில் வருகிறார்கள், பழையதை உடைத்து எடுக்கிறார்கள், மாலைக்குள் வெள்ளை வெளேரென்று புதியதை நிறுத்தி, ஓரமெல்லாம் சிலிக்கான் இழுத்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கையெழுத்தை நாம் எதைப் பார்த்துப் போடுகிறோம்? அநேகமாகக் கண்ணாடியின் பளபளப்பையும் சிலிக்கான் கோட்டின் நேர்த்தியையும் பார்த்து. இவ்விரண்டும் பொருத்தும் வேலையைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லக்கூடியவை. கண்ணாடி தொழிற்சாலையில் ஆனது. சிலிக்கான் கடைசி அரைமணி நேரத்தில் வந்தது. வேலையின் தரம் இரண்டுக்கும் நடுவே, நிலைச்சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சில மில்லிமீட்டர் இடுக்கில் இருக்கிறது. அந்த இடுக்கு கண்ணுக்குத் தெரிவது அதை மூடும் டிரிம் என்ற பட்டையை ஒட்டும்வரைதான். ஆகவே ஜன்னல் வேலையை எடைபோடுகிறவர் அழகைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பளு எங்கே இறங்குகிறது, தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது, காற்று எங்கே தடுக்கப்படுகிறது என்று மூன்றைக் கேட்க வேண்டும். அதையும் மூடுமுன் கேட்க வேண்டும் என்பது என் வாதம்.

முதலில், நாம் வழக்கமாகச் சொல்லும் குறைகளை எடுத்துக்கொள்வோம். அவற்றில் பாதி குறையே இல்லை. கண்ணாடியில் கீறல் இருக்கிறது, புள்ளி இருக்கிறது என்பது முதல் புகார். இதற்குக் கண்ணாடித் தொழிலில் ஒரு பார்வை முறை உண்டு. அறைக்குள்ளே குறைந்தது 2 மீட்டர் தள்ளி நின்று, இயல்பான பகல் வெளிச்சத்தில், கண்ணாடியின் ஊடாக வெளியே பார்க்க வேண்டும். கண்ணாடியை முறைத்துப் பார்க்கக் கூடாது, வெயில் நேரே விழும்போது பார்க்கக் கூடாது, மூக்கை ஒட்டிக்கொண்டும் பார்க்கக் கூடாது. அப்படி நின்று கண்ணை உறுத்தாதது குறையாகாது. சில கோணங்களில் வானவில் போல மங்கலான வண்ணப் பட்டைகள் தெரிகின்றன என்பது இன்னொரு புகார். இரண்டு கண்ணாடிகளும் ஏறத்தாழ ஒரே தடிமனாக அமைந்துவிட்டால் ஒளி அலைகள் ஒன்றோடொன்று மோதி இந்தப் பட்டைகளை உண்டாக்கும். கண்ணாடி நல்ல சீராக வார்க்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். மூன்றாவது, விடியற்காலையில் கண்ணாடியின் வெளிப்புறம் பனி படிந்திருப்பது. பழைய ஒற்றைக் கண்ணாடியில் இப்படி ஆனதில்லையே என்பார்கள். ஆகாதுதான், வீட்டு வெப்பம் ஒழுகி வந்து வெளிக்கண்ணாடியைச் சூடாக்கிக்கொண்டே இருந்தது. இப்போது அந்த ஒழுக்கு நின்றுவிட்டதால், மேகமற்ற இரவில் வெளிக்கண்ணாடி வானத்துக்கு வெப்பத்தை இழந்து குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தைப் பிடிக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பலன் கண்ணெதிரே வேலை செய்கிறது. அதைக் காட்டி நிறுவனத்துக்குத் தொலைபேசி போடுகிறோம்.

உள்பக்கம் வியர்ப்பது வேறு கதை. அது அறைக் காற்றின் ஈரத்தையும் காற்றோட்டத்தையும் பொறுத்தது. 2022 ஜூன் முதல் இங்கிலாந்தில் காற்றோட்ட விதிகள் இறுகின. மாற்று ஜன்னலானாலும் காற்றோட்டம் முன்பைவிடக் குறையக் கூடாது. அதனால்தான் புதிய ஜன்னலின் தலைப்பகுதியில் நீளவாக்கில் ஒரு சிறு துவாரம் வைக்கிறார்கள். வசிப்பறைக்கும் சமையலறைக்கும் வழிகாட்டு அளவு 8,000 சதுர மில்லிமீட்டர், குளியலறைக்கு 4,000. குளிரை அடைக்கக் காசு கொடுத்தால் ஓட்டை போட்டுத் தருகிறார்களே என்று கோபப்படுவதில் ஒரு நியாயமான வேடிக்கை இருக்கிறது. ஆனால் பழைய ஜன்னல் தன் இடுக்குகள் வழியாகவே வீட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இடுக்குகளை முழுக்க அடைத்துவிட்டுச் சோறு வடித்து, குளித்து, ரேடியேட்டரில் துணி உலர்த்தினால் அந்த ஆவியெல்லாம் அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சணமாக வந்து உட்காரும். இந்தத் துவாரத்தை டேப் போட்டு ஒட்டுவது ஃபிட்டருடைய பிழையாகாது, நம்முடையது. இத்தனையும் சொல்லக் காரணம் உண்டு. பிழையில்லாத மூன்றைப் பிழை என்று எழுதி அனுப்புகிறவர், நான்காவதாக உண்மையான பிழையை எழுதும்போது அந்தக் கடிதத்தை யாரும் மதிப்பதில்லை.

1980களில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பெயர்பெற்ற ஒரு விளம்பரம் வந்தது. டெட் மோல்ட் என்ற ஒலிபரப்பாளர், யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் 528 மீட்டர் உயரத்தில், நாட்டிலேயே உயரமான மதுவிடுதி என்று சொல்லப்படும் டான் ஹில் விடுதியின் ஜன்னலருகே ஓர் இறகைக் கீழே விடுவார். வெளியே சூறைக்காற்று, உள்ளே இறகு நேராக இறங்கும். அருமையான காட்சிதான். ஆனால் அந்த இறகு சோதித்தது எதை? ஜன்னல் கதவுக்கும் நிலைக்கும் நடுவே உள்ள ரப்பர் பட்டையைத்தான் முக்கியமாகச் சோதித்தது. அந்த ரப்பர் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டது. நிலைக்கும் சுவருக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பது தனிக் கேள்வி. ஜன்னலோடு வரும் ஆற்றல் தரச்சீட்டும் அப்படியே. 2022 முதல் இங்கிலாந்தில் மாற்று ஜன்னலின் யு மதிப்பு, அதாவது வெப்பம் கசியும் அளவு, 1.4க்கு மேல் போகக் கூடாது, அல்லது தரச்சீட்டில் பி பிரிவாவது இருக்க வேண்டும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னலில் இது 5ஐ ஒட்டியிருக்கும் என்பதை வைத்துப் பார்த்தால் பெரிய முன்னேற்றம். ஆனால் அந்த எண் ஜன்னல் என்ற சரக்கின் எண். அதைச் சுவரில் எப்படி நிறுத்தினார்கள் என்பது அதில் சேரவில்லை. ஏ பிளஸ் சீட்டு ஒட்டிய ஜன்னலைச் சுற்றி விரல் நுழையும் வெற்றிடம் இருந்தாலும் சீட்டு மாறாது.

இனி அந்த இடுக்குக்கு வருவோம். நிலை சுவருக்குள் இறுக்கமாக, ஒரு மயிரிழை கூட இடமில்லாமல் உட்கார்ந்தால் அது நல்ல அளவு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மர நிலையைச் சுவரோடு சேர்த்துக் கட்டும் வழக்கத்திலிருந்து வந்த எண்ணம் அது. இன்றைய நிலைகள் செய்யப்படும் யுபிவிசி பிளாஸ்டிக்குக்கு அது பொருந்தாது. வெயில் ஏறினால் அது நீளும், குளிர்ந்தால் சுருங்கும். 2 மீட்டர் அகல நிலை, 40 டிகிரி வித்தியாசத்தில் 5 மில்லிமீட்டருக்கு மேல் கூடிக் குறையும். வாசலில் தெற்கு வெயில் படும் கருஞ்சாம்பல் நிற நிலையானால் இன்னும் அதிகம். அதனால் வெள்ளை நிலைக்குப் பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் அளவில் இடம் விட்டு அளவெடுப்பதே சரியான வேலை. இடமில்லாமல் திணித்த நிலை கோடையில் வளையும், கதவு உரசும், பூட்டு இறுகும். மறுபக்கம், அளவெடுத்தவர் அசட்டையாக இருந்து 25 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்துவிட்டாலும் அதைச் சொல்ல யாருக்கும் மனம் வராது; புது ஜன்னல் செய்து வரப் பல வாரங்கள் ஆகும். அகலமான டிரிம் ஒன்றை எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது. அகல டிரிம் போடுவதே பிழை என்று நான் சொல்லவில்லை. பழைய சுவர்கள் கோணலாக இருக்கும், ஓர் ஓரத்தில் அகலம் வரத்தான் செய்யும். ஒரே ஜன்னலின் எல்லாப் பக்கத்திலும், வீட்டின் எல்லா ஜன்னலிலும் அகல டிரிம் வந்தால் அளவெடுத்தவரைப் பற்றி அது ஒரு சேதி சொல்கிறது.

அந்த இடுக்கில் இருக்க வேண்டியவை மூன்று. நிலையின் பளுவைச் சுவருக்கு இறக்கும் கெட்டியான பிளாஸ்டிக் பேக்கர், நிலையைச் சுவரோடு பிணைக்கும் திருகாணி, மீதியை நிரப்பும் காப்பு ஃபோம். இதில் ஃபோம்தான் மலிவு, விரைவு, பார்வைக்கும் நிறைவு. மஞ்சளாகப் பொங்கி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்ட மாதிரி தெரியும். அதனாலேயே ஆபத்து. ஃபோம் ஒட்டும், குளிரைத் தடுக்கும். பளு தாங்குவதற்கு அது இல்லை. ஜன்னல் பொருத்துதலுக்கான பிரிட்டிஷ் நடைமுறைத் தரமான பி.எஸ். 8213-4 இயந்திரப் பிணைப்பைக் கேட்கிறது. திருகாணி மூலையிலிருந்து 150 முதல் 250 மில்லிமீட்டருக்குள் தொடங்க வேண்டும், பிறகு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 600 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இதை ஒரு ஜன்னலில் வைத்துப் பாருங்கள். 1,200 மில்லிமீட்டர் உயர நிலை. மேலே 200இல் ஒன்று, கீழே 200இல் ஒன்று போட்டால் நடுவே 800 மில்லிமீட்டர் வெறுமை. ஆகவே ஒரு பக்கத்துக்கு மூன்று வேண்டும். இரண்டு மட்டும் இருந்தால் கணக்குப் பார்க்கத் தெரிந்த எவரும் பிழை என்று சொல்லலாம். தச்சராக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு திருகாணிக்கும் பக்கத்தில் நிலைக்குப் பின்னால் ஒரு பேக்கர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருகாணியை முறுக்க முறுக்க நிலை வெற்றிடத்தை நோக்கி வயிறு தள்ளும். ரசமட்டத்தை நிலையின் உள்முகத்தில் நீளமாக வைத்து, நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தால் அந்த வளைவு அப்பட்டமாகத் தெரியும். ஃபோமை அளவுக்கு மீறிப் பீய்ச்சினாலும் இதே வளைவு எதிர்ப்பக்கமாக வரும். இரண்டு மூலைவிட்டங்களையும் நாடா வைத்து அளந்து ஒப்பிட்டால் நிலை சதுரமாக நிற்கிறதா என்று தெரிந்துவிடும். இதெல்லாம் சேர்த்து ஒரு ஜன்னலுக்கு ஐந்து நிமிட வேலை. டிரிம் ஒட்டிய பிறகு பேக்கர் இருந்ததா, ஃபோம் தொடர்ச்சியாக நிரம்பியதா என்பதைக் காண வழியே இல்லை.

ஜன்னலுக்கு மேலே இருப்பதைப் பற்றியும் பேச வேண்டும். பணத்தைத் தாண்டிய ஆபத்து அங்கேதான். 1930களின் புறநகர் வீடுகளில், ஹாரோ, வெம்ப்ளி பக்கம் நம்மவர்கள் நிறையக் குடியிருக்கும் வகை வீடுகளில், வட்டமாகவோ கோணமாகவோ முன்னே தள்ளிய பே ஜன்னல் இருக்கும். அதன் பழைய மரத் தூண்கள் அலங்காரத்துக்கு நின்றவை அல்ல, மாடி ஜன்னலையும் அதன் கூரையையும் தாங்கி நின்றவை. சில வீடுகளில் ஜன்னலுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் செங்கல் வரிசைக்குத் தாங்கு விட்டமான லிண்டலே கிடையாது. மர நிலையின் தலைமேல்தான் அது உட்கார்ந்திருக்கும். யுபிவிசி நிலை சுவர்ப் பளுவைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டதில்லை. பே ஜன்னலின் மூலைகளில் பளு தாங்கும் உலோகத் தூண் வைத்து, அதன் தலையும் அடியும் கெட்டியான இடத்தில் அழுந்தும்படி முடுக்க வேண்டும். லிண்டல் இல்லாத செங்கல் வரிசைக்கு லிண்டல் போட வேண்டும். அளவெடுக்க வரும் சர்வேயரிடம் "மேலே இருப்பதை எது தாங்குகிறது?" என்று கேட்டு, பதிலை விலைப்பட்டியலில் எழுத்தாகப் பெறுவது நல்லது. வேலை முடிந்த சில மாதங்களில் ஜன்னலுக்கு மேலே படிக்கட்டு போலச் செங்கல் இணைப்புகளில் விரிசல் ஓடினால், கதவுகள் ஒவ்வொன்றாக இறுகத் தொடங்கினால், அதைப் பூசி மறைக்கக் கூடாது. கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

ஈஸ்ட் ஹாம் பக்கத்து விக்டோரியா கால வரிசை வீடுகளில் சிக்கல் வேறு மாதிரி. மேலும் கீழும் சறுக்கும் பழைய ஜன்னலின் எடைகள் தொங்குவதற்கு இருபக்கமும் மரப்பெட்டி இருக்கும். அந்தப் பெட்டி வெளிச் செங்கலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பெட்டியைப் பிடுங்கினால் இருபுறமும் ஆழமான குழி. வெளியிலிருந்து தெரியும் திறப்புக்கு மட்டும் அளவெடுத்துப் புதிய நிலையை நிறுத்திவிட்டு, குழியின் வாயில் பலகையோ டிரிம்மோ வைத்து மூடிவிட்டால் வரவேற்பறையிலிருந்து பார்க்க எந்தக் குறையும் தெரியாது. குளிர்காலத்தில் அந்த இடத்தின் மேல் கை வைத்தால் ஐஸ் மாதிரி இருக்கும். 1930களுக்குப் பிறகு பரவலான இரட்டைச் சுவரில், ஜன்னல் ஓரத்தில் வெளிச்சுவரின் ஈரம் உள்சுவருக்குத் தாவாமல் ஒரு தடுப்புப் படலம் செங்குத்தாகப் போகும். பழைய நிலையைக் கடப்பாரையால் பிடுங்கும்போது அது கிழிவதும் உண்டு. கிழிந்ததை ஒட்டாமல் மூடினால் இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு சுவர்க்காகிதம் உரியும். அப்போது ஜன்னலை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், சுவரைத்தான் திட்டுவார்கள்.

தண்ணீருக்கு வருகிறேன். மழைநீர் ஜன்னலுக்குள் நுழையவே கூடாது என்று நாம் நினைக்கிறோம். வடிவமைத்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. கொஞ்சம் நுழையும், நுழைந்தது உடனே வெளியேற வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதற்காக நிலையின் அடியிலும் கதவின் அடியிலும் வடிகால் துளைகள் உண்டு. இரட்டைக் கண்ணாடியின் ஓரம் ஒட்டு வைத்து அடைக்கப்பட்டது. நடுவிலுள்ள பட்டைக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன. அந்த ஓர ஒட்டு நாள்கணக்கில் தேங்கிய தண்ணீரில் நின்றால் நைந்துபோகும். மணிகள் நிறைந்துபோன பிறகு இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே மூட்டம் படியும், எந்தத் துணியாலும் துடைக்க முடியாத மூட்டம். வீட்டுக்காரர் கண்ணாடி மட்டம் என்கிறார், நிறுவனம் கண்ணாடியை மாற்றித் தருகிறது, சில வருடத்தில் மறுபடியும் மூட்டம். கண்ணாடிக்கு அடியில் வைத்த பேக்கர் வடிகால் துளையை அடைத்துக்கொண்டிருப்பதையோ, வெளியே தடவிய சிலிக்கான் துளையின் வாயை மூடியிருப்பதையோ யாரும் பார்ப்பதில்லை. பொருளின் பழுது போலத் தோன்றுவது பெரும்பாலும் வேலையின் பழுதாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கண்ணாடிக்கு அடியில் வைக்கும் பேக்கரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேர்ந்த கை எது, பழகாத கை எது என்பது இங்கே பிரிகிறது. 4 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ. இரட்டையானால் 20. பக்கவாட்டில் திறக்கும் கதவு அந்தப் பளுவைக் கீல்பக்கத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கிறது. யுபிவிசிச் சட்டம் தனியாக விட்டால் கைப்பிடிப் பக்கம் தொங்கிப்போகும். இதைத் தடுப்பது கண்ணாடிதான். கீல்பக்கத்துக் கீழ்மூலையிலும் கைப்பிடிப் பக்கத்து மேல்மூலையிலும் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே பேக்கர் வைத்து இறுக்கினால், கண்ணாடியே ஒரு மூலைவிட்டக் கட்டையாக மாறிச் சட்டத்தைச் சதுரமாக நிறுத்தும். பேக்கரை எதிர் மூலைகளில் மாற்றி வைத்தாலோ, அடியில் மட்டும் இரண்டு வைத்து விட்டாலோ, முதல் மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு கைப்பிடிப் பக்கத்துக் கீழ்மூலை நிலையில் இடிக்கத் தொடங்கும். கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து மூட வேண்டிவரும். அப்படித் தூக்கி மூடும் பழக்கம் வீட்டில் வந்துவிட்டால், கீல் தேய்ந்துவிட்டது என்று யார் சொன்னாலும் உடனே நம்ப வேண்டாம். கண்ணாடியைப் பிடித்திருக்கும் பட்டையைக் கழற்றி, பேக்கரைச் சரியான மூலையில் முடுக்கினால் அநேகமாகச் சரியாகிவிடும். தெரிந்தவருக்குச் சிறு வேலை.

இந்த இடத்தில் மறுப்புகள் எழும். சான்றிதழ் இருக்கிறதே, நாம் ஏன் ரசமட்டம் தூக்க வேண்டும் என்பது முதலாவது. 2002 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஜன்னல் மாற்றுவது கட்டட விதிகளுக்குள் வந்தது. ஃபென்சா, செர்டாஸ் போன்ற திட்டங்களில் பதிவான நிறுவனம் தன் வேலையைத் தானே விதிப்படி உள்ளது என்று சான்று தரலாம். பதிவில்லாதவர் செய்தால் உள்ளூராட்சியின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவில் அனுமதி பெற வேண்டும். வீடு விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் இந்தத் தாளைக் கேட்பார், ஆகவே அது கட்டாயம் வேண்டும். ஆனால் அந்தத் தாள் உங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்து பார்த்தார் என்பதற்கு அத்தாட்சியாகாது. திட்டத்தார் வேலைகளில் ஒரு பகுதியைத்தான் மாதிரிக்கு எடுத்துப் பார்க்கிறார்கள். மேலும் அது விதிகளைப் பற்றியது: வெப்பக் காப்பு, காற்றோட்டம், தரையிலிருந்து 800 மில்லிமீட்டருக்குள் வரும் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியா, தீ விபத்தில் தப்பிக்கும் ஜன்னலில் 0.33 சதுர மீட்டர் திறப்பும் அகலத்திலும் உயரத்திலும் 450 மில்லிமீட்டரும் இருக்கின்றனவா என்பன போன்றவை. பூச்சு சிதறியதும் கதவு உரசுவதும் அதன் எல்லைக்குள் வராமல் போகலாம். பத்தாண்டு உத்தரவாதமும் இப்படித்தான். அது பின்னால் பழுதானால் திருத்துவோம் என்ற வாக்கு. இப்போது சரியாகச் செய்தோம் என்ற சாட்சி இல்லை.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. வெளியே சுத்தமாகச் செய்கிறவர் உள்ளேயும் சுத்தமாகத்தானே செய்வார், கைப்பழக்கம் ஒன்றுதானே என்பார்கள். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். சிலிக்கான் திப்பித்திப்பியாக, டிரிம் மூலைகள் வாய் பிளந்து, ஜன்னல்திண்டின் ஓர மூடிகள் ஒட்டப்படாமல் இருந்தால் மற்றதையும் சந்தேகிக்கலாம். மோசமான பூச்சு மோசமான வேலைக்குச் சாட்சியாகலாம். நல்ல பூச்சு நல்ல வேலைக்குச் சாட்சியாகாது. பூச்சு பார்க்கப்படும் இடம் என்பது எல்லாருக்கும் தெரியும். பல குழுக்களில் சிலிக்கான் இழுப்பதற்கென்றே கை தேர்ந்த ஒருவர் இருப்பார், நிலையை நிறுத்தியவர் வேறொருவர். அகலமான இடுக்கில் பின்னணியாக நுரைக்கயிறு திணிக்காமல் சிலிக்கானை மட்டும் இழுத்தாலும் அன்றைக்குக் கோடு நேர்த்தியாகத்தான் இருக்கும். நிலை ஒரு கோடையில் நீண்டு சுருங்கிய பிறகுதான் ஓரம் விடும்.

மூன்றாவது மறுப்பு மரியாதையைப் பற்றியது. வேலை செய்கிறவர் தலைக்கு மேல் நின்று பார்ப்பது அவமதிப்பு என்கிறார்கள். டீ போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்குவதுதான் நம் பண்பு. டீயும் கொடுக்கலாம். ஆனால் ஒப்பந்தத்திலேயே "டிரிம் ஒட்டுமுன் ஒவ்வொரு ஜன்னலையும் வீட்டுக்காரர் பார்த்துப் படம் எடுப்பார்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை, அது வேலையின் ஒரு படி. கட்டடத் தொழிலில் கம்பி கட்டிய பிறகு, கான்கிரீட் கொட்டுமுன் பொறியாளர் பார்ப்பதை எந்தக் கொத்தனாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. ஒழுங்காகச் செய்கிறவருக்கு அந்தப் படம் லாபம்; அடுத்த வீட்டில் காட்டலாம். அந்த வரியை ஏற்க மறுக்கும் நிறுவனம் மறுப்பதன் மூலமே உங்களுக்கு ஒரு தகவல் தருகிறது.

வேலை முடிந்து மூடிவிட்டார்கள், இனி என்ன செய்வது என்று கேட்பவர்கள்தான் இங்கே அதிகம் இருப்பீர்கள். எல்லாம் கைநழுவிப் போய்விடவில்லை. திறக்கும் ஜன்னலானால் கதவை அகலத் திறந்து நிலையின் உள்மடிப்பைப் பாருங்கள். பெரும்பாலான வேலைகளில் திருகாணித் தலைகள் அங்கேயே தெரியும், எண்ணலாம், நாடாவால் அளக்கலாம். பட்டைத்தகடு வைத்துப் பிணைத்திருந்தால் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அவசரப்பட்டுக் குற்றம் சாட்டிவிட வேண்டாம். அதே மடிப்பில் ஒரு கோப்பைத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் வெளிப்புறத் துளைகள் வழியாகச் சொட்ட வேண்டும்; குட்டை போல் நின்றால் வடிகால் அடைந்திருக்கிறது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு தாளை வைத்துப் பூட்டி இழுங்கள். நான்கு பக்கமும் ஒரே இறுக்கம் வேண்டும். ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தால் பூட்டின் அழுத்தம் அங்கே போதவில்லை. இது சின்னத் திருத்தம். காற்று வீசும் நாளில் மற்ற ஜன்னல்களை மூடி, சமையலறை மின்விசிறியை ஓடவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி டிரிம்முக்கும் பூச்சுக்கும் நடுவிலுள்ள கோட்டை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். திரைச்சீலையை விலக்கிவிட்டுச் செய்யுங்கள். கதவின் ரப்பர் ஓரத்தில் புகை நேராக ஏறி, சுவர் ஓரத்தில் வந்ததும் உள்பக்கமாகச் சாய்ந்து பறந்தால், டிரிம்முக்குப் பின்னால் வெற்றிடம் இருக்கிறது. விளம்பரத்து இறகு சொல்லாத சேதி இது.

புகாரை எழுதுவதிலும் ஒரு முறை இருக்கிறது. "வேலை திருப்தியில்லை" என்று எழுதினால் "மன்னிக்கவும்" என்று பதில் வரும். "மாடி முன்னறை, இடது நிலை, 1,200 மில்லிமீட்டர் உயரம், திருகாணி இரண்டு, நடுவே 800 மில்லிமீட்டர்" என்று படத்தோடு எழுதினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், சேவை நியாயமான கவனத்தோடும் திறனோடும் செய்யப்பட வேண்டும் என்கிறது. செய்யவில்லையென்றால் அவர்கள் செலவில் மறுபடி செய்யச் சொல்லலாம். அது முடியாதபோதோ நியாயமான காலத்தில் நடக்காதபோதோ விலைக் குறைப்புக் கேட்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. முன்பணத்தில் ஒரு சிறு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், வேலையின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் இருக்கும்போது, 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி அட்டை தந்த வங்கியும் கூட்டுப் பொறுப்பு. நிறுவனம் திவாலாகிவிட்டாலும் அந்தக் கதவு திறந்திருக்கும். கடைசித் தவணையை வேலை முடிந்த அன்றே கேட்பார்கள். சோதித்துப் பார்க்கச் சில நாள் இடைவெளி வேண்டும் என்று முதலிலேயே எழுதிக்கொள்வது, பின்னால் பிடித்துவைத்துச் சண்டை போடுவதைவிட நல்லது. இரு தரப்பும் ஒத்துப்போகாத இடத்தில் ஒரு நியாயமான வழி உண்டு. சந்தேகமுள்ள ஒரு ஜன்னலைத் தேர்ந்து, இரு தரப்பும் நேரில் இருக்க, ஒரு பக்கத்து டிரிம்மை மட்டும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே பேக்கரும் திருகாணியும் தொடர்ச்சியான ஃபோமும் இருந்தால் புது டிரிம்முக்கும் வந்துபோன கூலிக்கும் நீங்கள் பணம் தருவதாகவும், இல்லாவிட்டால் வீட்டு ஜன்னல்கள் அத்தனையையும் அவர்கள் செலவில் திறந்து காட்ட வேண்டும் என்றும் அதே கடிதத்தில் எழுதி, பதிலுக்கு 14 நாள் தவணை கொடுங்கள்.